நவம்பர், நான்காம் கவுண்டர்

தல்லாகுளம் கிளையில் நவம்பர் பிறந்தால்
செத்தவர்கள் தவிர எல்லோரும் வருவார்கள்.
உயிரோடிருக்கிறேன் என்று
வருடத்துக்கு ஒருதரம் நிரூபித்தால்தான் பென்ஷன்.
விரலை வை. பச்சை எரிந்தால் இருக்கிறாய்.

டோக்கன் அறுபத்தேழு.
மேஜர் ஜெனரல் ஒச்சுக்காளை, ஓய்வு.
முழுப்பெயர் நாக்கில் வராத பஞ்சாபிக்காரர்கள்
ஓ.கே. என்று சுருக்கி
முப்பத்தேழு வருடம் கூப்பிட்டார்களாம்.
மேனேஜர் அறைக்கு அழைத்தோம்.
வரிசையில் வருகிறேன் என்று
இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

படிவத்தில் சொந்த ஊர் விலாசம்:
‘கீலத் தெரு, பாழம் அருகில், கருமாத்தூர்.’
இந்தியில் ஆணையிட்டு
இந்தியிலேயே கனாக்கண்ட மனிதர்.
ல-வும் ழ-வும் இடம் மாறிக் கிடந்தன.
பேசாமல் திருத்திக்கொண்டேன்.

விரல் வைத்தார். சிவப்பு.
அடுத்த விரல். சிவப்பு.
‘அந்த மூணுக்கும் நுனி கெடையாதும்மா.’
இருபது வயது, சீனப் போர்,
கான்வாஸ் ஷூ, பருத்திச் சட்டை,
பதினொரு நாள் பின்வாங்கி நடந்ததில்
பனி தின்றுவிட்டது.
‘பட்டாளத்துல நான் மொதல்ல கத்துக்கிட்டது ஓடுறது.’
சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
இல்லை.

சர்வர் படுத்துக்கொண்டது.
வெளியே மழை பிடித்தது.
காத்திருக்கும் நேரத்தில் மனிதர்கள்
வங்கிக்காரியிடம் எதையும் சொல்வார்கள்.
மேஜராக, கிழக்கே ஒரு ஆற்றில்,
இடுப்பளவு சேற்றில்
ஒரு கம்பெனியை இருட்டோடு கடத்தியதற்கு மெடல்.
அது எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியாது.

‘கடேசிச் சண்டையிலதான் ஜெனரல்.
அதுல ஒரு குண்டுகூட நான் சுடல.’
கூடாரம். மேப். சிவப்புப் பென்சில். ஒரு போன்.
இரண்டு தடவை ஏறிப்பார்த்து
இறங்கிவிட்டார்கள் பையன்கள்.
விடிய மூன்று மணி நேரம் இருந்தது.
மேகம் கிடையாது,
நட்சத்திரங்களை எண்ணலாம்.
ஒன்ஸ் மோர் என்றார் போனில்.
‘நாடகக் கொட்டகையில கத்துவோம்ல,
அதே வார்த்தைதான்.’

மலை கிடைத்தது.
முப்பத்தொரு பேர்.
கர்னல் எழுதவேண்டிய கடிதங்களைப் பிடுங்கி
தன் கையாலேயே எழுதினார்.
இருபத்தொன்பது இந்தியில்.
இரண்டு தமிழில்.

சர்வர் எழுந்தது.
‘நம்ம வெரலு கெடக்கட்டும், அந்தம்மாவப் பாருங்க.’

அறுபத்தெட்டு. பஞ்சவர்ணம், வாலாந்தூர்.
வைத்த உடனே பச்சை.
விதவைகளுக்கு இன்னொரு தாளும் உண்டு:
மறுமணம் செய்துகொள்ளவில்லை.
அதற்கு ஒரு சாட்சி வேண்டும்.
இந்த வரியை வாசித்துக் காட்டும்போது
நான் எப்போதும் கம்ப்யூட்டரைத்தான் பார்ப்பேன்.

சாட்சிக்குத் தானே எழுந்து வந்தார் ஓ.கே.
கணவர் பெயர்: நாயக் சோணைமுத்து.
கீழே யூனிட், தேதி.
படித்தார்.
மறுபடி மேலேயிருந்து படித்தார்.
மொட்டை விரல்களுக்கு நடுவே
பேனாவை இடுக்கிக்கொண்டு
மெதுவாகப் போட்டார் கையெழுத்தை.

அந்தம்மா தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.
‘இந்தக் கையெழுத்து ஒண்ணு
எங்க வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்ள கெடக்கு.’

பிரிண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

‘மழையில உசுரு விட்டாருன்னு எழுதியிருந்தீங்க.
அன்னைலேருந்து,
மழ வந்தா நான் வாசல்ல எறங்குறதில்ல.
இப்பவும் விடட்டும்,
செத்த உக்காந்துட்டுப் போறேன்.’

வாயைத் திறந்தார் ஜெனரல்.
கண்ணாடிக்கு வெளியே
அழகர்கோவில் ரோடு வெள்ளமாய் ஓடியது,
ஆட்டோக்கள் நடுரோட்டில் நின்றன.
‘ஆமாம்மா’ என்றார்.
‘அன்னைக்கு நல்ல மழை.’

கீழத் தெருவைத் திருத்திய பேனா
மூடாமல்
என் கையிலேயே இருந்தது.